பகைவருக்குச் சமைத்தவர்

அக்கா தனக்கு ஆகாதவர்களுக்குத்தான் மிக நன்றாகச் சமைப்பார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

டென்மார்க்கின் ஹேர்னிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் இருவரும் ஒரே பிரிவில் வேலை செய்தோம். எனக்கு அவர் கொண்டுவந்து தரும் ரோல்ஸ் பெரும்பாலும் ஒரு பக்கம் கருகியிருக்கும். இல்லாவிட்டால் உள்ளே உருளைக்கிழங்கு வேகாமல் கடிபடும். "நீ என்ர ஆள்தானே, குறை சொல்லாமல் தின்" என்பார். ஒருமுறை எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு பொறுப்பாளர் வந்தாள். அக்காவின் டேனிஷ் உச்சரிப்பைத் தேநீர் மேசையில் எல்லோர் முன்னாலும் சொல்லிக்காட்டிச் சிரித்தாள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். அடுத்த நாள் அவளுக்கென்று தனியாக ஒரு டப்பா வந்தது. பொன்னிறமாகப் பொரிந்த, தொட்டால் நொறுங்கும் ரோல்ஸ். அதற்கடுத்த நாளும் வந்தது. அவள் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருவதையே விட்டுவிட்டாள். பிறகு ஒருநாள் டப்பா வரவில்லை. மற்ற எல்லோருக்கும் வந்தது, அவளுக்கு மட்டும் இல்லை. மத்தியானங்களில் அவள் அக்காவின் பையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் பொறுக்க முடியாமல், "நான் உன்னை ஏதாவது நோகடித்துவிட்டேனா?" என்று கேட்டாள்.

"அப்படியா? எனக்கு ஞாபகமில்லையே" என்றார் அக்கா, அவள் சொல்லிக்காட்டிச் சிரித்த அதே உச்சரிப்பில்.

அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மெலிந்த, குள்ளமான உடம்பு. நடக்கும்போது காலடிச் சத்தமே வராது. யாராவது அவரை அவமதித்தால் தலையைக் கொஞ்சம் சரித்து, "பாப்பம்" என்பார். அவ்வளவுதான்.

அவருடைய கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். ஆடைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை செய்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய், சக்கர நாற்காலியில் இருந்தார். ஒரு சங்கத்தின் கலைவிழாவுக்கு அக்கா அவரைக் கூட்டிப்போய் முன்வரிசை ஓரத்தில் நிறுத்தியிருந்தார். விழாவை நடத்தியவர் ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கோ. வீடியோவுக்கு மறைக்குது." மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அக்கா கணவரைக் கடைசி வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

சில காலம் கழித்து அந்த மனிதரின் தாய் எங்கள் இல்லத்துக்கே வந்து சேர்ந்தார். மறதி நோய். அக்காவைப்போல அந்தக் கிழவியை யாரும் கவனித்திருக்க முடியாது. தலை வாரி, பவுடர் பூசி, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் கஞ்சி ஊட்டுவார். கிழவிக்கு மகனின் முகம் மறந்துகொண்டு வந்தது. அக்காவின் முகம் மட்டும் நின்றது. மகன் வந்து கரண்டியை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொண்டு, "என்ர பிள்ளை எங்க?" என்று அக்காவைத் தேடுவார். அப்படி ஒரு சனிக்கிழமை அக்கா விடுமுறையில் இருந்தபோது கிழவி தண்ணீர்கூடக் குடிக்க மறுத்துவிட்டார். மகன் அக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் அப்போது உள்ளே இருந்தேன்.

"அக்கா, ஒருக்கா வாங்கோ. அம்மா உங்களைத்தான் கேக்கிறா. கும்பிட்டுக் கேக்கிறன்."

அக்கா கதவை முழுவதும் திறக்கவில்லை. "கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நில்லுங்கோ தம்பி. என்ர மனுசனுக்கு டிவி மறைக்குது" என்றார்.

அந்த மனிதரின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவர் இரண்டு அடி பின்னால் போனார். அக்கா உடனே குளிர்ச்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு அவரோடு புறப்பட்டார். சப்பாத்து அவர் காலில் ஏற்கெனவே இருந்தது. தான் கூப்பிடப்படுவோம் என்று காலையிலிருந்தே காத்திருந்திருக்கிறார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்த நரிக்காரன் வந்து மாட்டினான்.

அண்ணைக்கு எதிலும் கவனம் நிற்காமல் போயிருந்த காலம் அது. ஒருநாள் கணினியில் ஒரு வெள்ளி நரி சோபாவில் புரண்டு விளையாடும் காணொளி வந்தது. அண்ணை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்புப்போல ஏதோ வந்தது. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். பிறகு, நரி விற்பனைக்கு உண்டு என்று ஒருவன் போட்டிருந்த விளம்பரத்தையும் கண்டுபிடித்தார். ரஷ்யாவில் தலைமுறை தலைமுறையாகச் சாதுவானவற்றையே சேர்த்து வளர்த்து, நாய்போல ஆக்கிய இனத்தில் வந்த நரிகளாம். கடிக்காதாம், மடியில் படுக்குமாம். நரியை வீட்டில் வைத்திருக்க இங்கே சட்டம் இடம் கொடுக்காது என்று நான் சொன்னேன். "இந்த மனுசன் சிரிக்கிறதுக்கும் சட்டம் இடம் குடுக்கேல்லை" என்றார் அக்கா.

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அண்ணையின் காரை நான்தான் ஓட்டிப்போனேன். நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் நிலையத்தில் அவன் வேனோடு நின்றான். கார் ஜன்னல் வழியாக ஒரு கூட்டை அண்ணையின் மடியில் வைத்தான், பணத்தை வாங்கினான், போய்விட்டான். எங்கள் மூவரில் ஒருவர் முகத்தையும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கறுப்பு உடம்பு, மயிர் நுனியெல்லாம் பனி தூவினதுபோல வெள்ளை. முதல் சில நாட்கள் அது தூங்கிக்கொண்டே இருந்தது. மயக்க மருந்து கொடுத்து விற்றிருக்கிறான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மருந்து தெளிந்தபின் சோபாவைத் தோண்டியது, மூலைமூலையாய் மூத்திரம் பெய்தது, வீடே நாறியது, பயந்தால் பெண்பிள்ளைபோல அலறியது. ஆனால் அண்ணையிடம் மட்டும் போகும். அவருடைய வழங்காத வலக்கையின் கீழே தலையை நுழைத்துக்கொண்டு படுத்துவிடும். ஒரு மாலை அக்கா குசினியிலிருந்து ஓடிவந்தார். அண்ணை நரியைப் பார்த்து, "ராசாத்தி" என்று சொல்லியிருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் முழுச் சொல். அதுவே நரிக்குப் பெயராகிவிட்டது. பிறகு நாள் முழுக்க ராசாத்தி, ராசாத்தி என்றுதான் வீட்டில் சத்தம் கேட்கும். அக்கா எனக்குத் தொலைபேசியில் அதைப் பிடித்துக் கேட்கவைப்பார்.

குளிர்காலம் வருமுன் ராசாத்தி சாப்பிடுவதை நிறுத்தியது. முகம் ஒரு பக்கம் வீங்கியது. மிருக வைத்தியர் வாயைத் திறந்து காட்டினார். கோரைப்பற்கள் நான்கும் ஈறோடு சேர்த்து வெட்டப்பட்டிருந்தன. கடிக்காமல் இருப்பதற்காகக் குறட்டால் வெட்டியிருக்கிறார்கள். சீழ் தாடை எலும்புக்குள் இறங்கிவிட்டது. ஊசி போட்டு நோவில்லாமல் சாகவிடுவதைத் தவிர வழியில்லை என்றார். சாதுவாக இருந்தது இனத்தால் அல்ல, நோவால்.

"இதை உங்களுக்கு விற்றது யார்?" என்று வைத்தியர் கேட்டார்.

"தெரியாது" என்றார் அக்கா.

வெளியே வந்ததும் நான் சண்டை பிடித்தேன். "ஏன் அக்கா சொல்லேல்லை? அவன்ர நம்பர் உங்களிட்ட இருக்குதானே?"

"சொன்னால் அவனுக்கு ஒரு கடதாசி அனுப்புவாங்கள். எனக்கு அது காணாது."

அண்ணை ராசாத்தி என்ற சொல்லைப் பிறகு சொல்லவில்லை. வேறு எந்தச் சொல்லையும் சொல்லவில்லை. மடியில் இடம் விட்டு, வலக்கையை இடக்கையால் தூக்கி வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருப்பார். அடுத்த வசந்தத்தில் இரண்டாவது பக்கவாதம் வந்து இறந்துபோனார். நரிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார் டாக்டர். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போனபின் அக்கா நரிக்காரனின் விளம்பரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "பாப்பம்" என்றார்.

அந்த ஆண்டு பனி விழத் தொடங்கியபோது அக்கா அவனுக்குத் தொலைபேசி எடுத்தார். வசந்தத்தில் பிறக்கும் குட்டி ஒன்று வேண்டும், தாயை நேரில் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும் என்றார். அவன் வரச் சொன்னான். அன்று காலை அக்கா நண்டுக்கறி வைத்தார். மணம் காரிலேயே என் வாயை ஊறவைத்தது.

"பழியை ஆண்டவரிட்ட விடுங்கோ அக்கா" என்றேன். நான் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவள். அதைச் சொல்லாமல் என்னால் கார் ஓட்ட முடியவில்லை.

"அவருக்கு எவ்வளவு வேலை பிள்ளை. இதை நான் பாக்கிறன்."

ஹேர்னிங்குக்கு மேற்கே, ஊசியிலைக் காடு முடியும் இடத்தில் பண்ணை இருந்தது. நீளமான தாழ்ந்த கொட்டகைகள். அவனுடைய தகப்பன் அங்கே தோலுக்காக நரி வளர்த்தவர். அது தடைசெய்யப்பட்டபின் கூடுகள் சும்மா கிடந்தன. மகன் இந்த வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டான். "தகப்பன் உரிச்சு வித்தான், மகன் உயிரோட விக்கிறான்" என்றார் அக்கா. எங்களை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அக்காவின் கண் அதை உணர்ந்து ஒரு கணம் சுருங்கியதை நான் கவனித்தேன். "நல்லதாய்ப் போச்சு" என்று எனக்கு மட்டும் தமிழில் சொன்னார்.

முன்கொட்டகையில் வாடிக்கையாளருக்குக் காட்டும் நரிகள், ரக்கூன்கள், பறக்கும் அணில்கள். பின்கொட்டகையை அவன் காட்டவில்லை. அக்காவும் கேட்கவில்லை. நண்டுக்கறியைச் சோற்றில் பிசைந்து எப்படிச் சாப்பிடுவது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்தார். மனைவி பிரிந்துபோய், பாண் ரொட்டியும் ஈரலும் தின்று காலம் கழித்தவன். நண்டின் ஓட்டை உறிஞ்சிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். காரத்தாலா வேறு எதாலா தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். ஆட்டிறைச்சி, கணவாய்க்கறி, பால்புட்டு. அவனுடைய கிழிந்த வேலைச்சட்டையை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து தைத்துக் கொடுத்தார். இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். டேனிஷில் தாயை மோர் என்பார்கள். அவன் அக்காவை அப்படிக் கூப்பிடத் தொடங்கினான். "பாத்தியே, எனக்கு மோர் எண்டு பேர் வைச்சிருக்கிறான்" என்று காரில் வரும்போது அக்கா சிரிப்பார். அந்தச் சிரிப்பில் நான் சேரவில்லை. ஒரு கட்டத்தில் எனக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை.

தீனி போட உதவுகிறேன் என்று சொல்லித்தான் பின்கொட்டகைக்குள் நுழைந்தார். பூட்டுத் திறப்பை அவனே கொடுத்தான். உள்ளே கம்பித் தரை போட்ட கூடுகளில் பெட்டை நரிகள். வருடாவருடம் குட்டி போடும் தாய்கள். ஒரு பலகையில் குறடு தொங்கியது. அக்கா எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். காது கிழிந்த ஒரு கறுத்த பெட்டை, ராசாத்தியின் அதே சாயல், அக்காவின் கையிலிருந்து கோழித்துண்டு வாங்கித் தின்னப் பழகியிருந்தது. மற்றவை மூலையில் ஒடுங்கும்போது அது மட்டும் கம்பிக்கு வந்து மூக்கை நீட்டும். "வந்திட்டன், வந்திட்டன்" என்று அக்கா அதனோடு கதைப்பார். அவர் பொய்யாகக் கதைக்காத ஒரே உயிர் அந்தப் பண்ணையில் அதுதான்.

குட்டிகள் பிறப்பதற்கு முன் அக்கா படங்களைப் பொலிசுக்குக் கொடுத்தார். அவர்கள் வருவதாகச் சொன்ன நாளில் வேலைக்கு விடுப்பு எடுத்தார். குளிர்ச்சட்டைக்கு உள்ளே நீலப் பட்டுச்சேலை உடுத்திருந்தார். மீண்டும் நண்டுக்கறி. அவன் மேசையில் உட்கார்ந்து அரைவாசி சாப்பிட்டபோது முற்றத்தில் வாகனங்கள் வந்து நின்றன. பொலிஸ், கூடவே அரசாங்க மிருக வைத்தியர்.

அவன் கையில் குழம்போடு எழுந்தான். "மோர், யார் இவர்களைக் கூப்பிட்டது?"

"நான்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அக்கா ஒரு குளிர்காலம் முழுவதும் சேர்த்து வைத்திருந்ததை அப்போது சொன்னார். மெதுவாக, இல்லத்தில் கிழவர்களுக்கு மருந்தின் பெயர் சொல்வதுபோல. "நீ என் கணவரின் மடியில் ஒரு நரியை வைத்தாய். அதன் பற்களை வெட்டியிருந்தாய். அது செத்தது. அவரும் செத்தார்."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், நெற்றி சுருங்கியது. பிறகு கேட்டான்:

"எந்த நரி?"

அக்காவை யாராவது அடித்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். அவர் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அவன் நடிக்கவில்லை. எத்தனையோ கூடுகளை எத்தனையோ ஜன்னல்களுக்குள் வைத்தவனுக்கு எங்கள் ஜன்னல் நினைவில்லை. பொலிஸ்காரர் அவனை வெளியே கூட்டிப்போனார்கள். திரும்பித் திரும்பி அக்காவைப் பார்த்துக்கொண்டே போனான்.

ரக்கூன்களையும் அணில்களையும் ஏற்றிப்போக வேறு வாகனம் வந்தது. நரிகளுக்கு வாகனம் வரவில்லை. காட்டில் விட முடியாது, வீட்டில் வைக்க முடியாது, எடுக்க எந்தப் பூங்காவும் இல்லை என்றார் வைத்தியர். ஊசிப் பெட்டியைத் திறந்தார்.

"அக்கா, இதுகளைக் கொல்லப்போகினம்!"

"தெரியும். பொலிசுக்குப் போன் பண்ணேக்க கேட்டனான்."

"தெரிஞ்சுகொண்டோ செய்தனீங்கள்?"

"பின்ன? உந்தக் கம்பியில கிடந்து பெத்து, பெத்ததின்ர பல்லை அவன் வெட்ட, விட்டிட்டுப் போகச் சொல்லுறியோ?" குரல் உயரவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

காது கிழிந்த பெட்டை யாரிடமும் பிடிபடாமல் கூட்டுக்குள் சுழன்றது. அக்கா வைத்தியரிடம் போய், "நான் பிடிக்கிறேன்" என்றார். தடித்த கையுறையை நீட்டினார்கள், அவர் வாங்கவில்லை. கூட்டைத் திறந்ததும் அது தானாகவே வந்தது. அக்காவின் குளிர்ச்சட்டைக்குள் மூக்கைச் செருகிக்கொண்டது. கோழித்துண்டு தேடியிருக்க வேண்டும். அக்கா அன்று ஒன்றும் கொண்டுவந்திருக்கவில்லை. ஊசி ஏறும்வரை, அதற்குப் பிறகும் நெடுநேரம், பட்டுச்சேலையோடு அந்தக் கொட்டகை நிலத்தில் அதை வைத்துக்கொண்டு இருந்தார்.

திரும்பி வரும்போது ஒரே ஒரு தடவைதான் பேசினார். "நோகவேண்டியது அவனுக்கு. நொந்ததெல்லாம் வாய் பேசாததுகளுக்கு."

இதோடு விடுவார் என்று நினைத்தேன். அவனுக்குத் தண்டம் விதித்தார்கள். இனி மிருகம் வளர்க்கக் கூடாது என்றும் தீர்ப்பு. பண்ணை கைமாறியது. அவன் சில்க்போர்க்கில் ஒரு குடியிருப்பில் தனியாக இருக்கிறான் என்று அக்கா எப்படியோ அறிந்துகொண்டார். அண்ணையின் திவசத்தன்று படைத்த சோற்றில் ஒரு பங்கை எடுத்துக் கட்டினார்.

"எங்க அக்கா?"

"எந்த நரி எண்டு கேட்டவன்தானே? சொல்லிக் குடுப்பம்."

அவன் கதவைத் திறக்கவில்லை. அக்கா கதவில் கடிதம் போடும் துவாரத்தின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டில் குந்தியிருந்து, கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். அண்ணையின் தொழிற்சாலை, பக்கவாதம், காணொளி, பெட்ரோல் நிலையம், ராசாத்தி, வீங்கிய முகம். சொல்லி முடித்து, சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த வருடமும் போனார். அந்த முறை கதவு பாதி திறந்தது. அதற்கடுத்த வருடம் உள்ளே வரச் சொன்னான். அவன் வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை என்பது, மேசையில் இருந்த ஒற்றைக் கோப்பையைப் பார்த்தாலே தெரிந்தது. சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்பான். அக்கா ஒரு சொல் விடாமல் சொல்லுவார்.

நான் கோப்பன்ஹேகனுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனபிறகும் அந்த ஒரு நாளுக்காக அக்காவிடம் வருவேன். கடைசியாகக் கூட்டிப்போனபோது அவன் நன்றாக நரைத்திருந்தான். அக்கா சாப்பாட்டை விரித்து வைத்துவிட்டு வாயைத் திறக்குமுன் அவனே தொடங்கிவிட்டான். அண்ணை எங்கே வேலை செய்தார், எந்தக் கை வழங்கவில்லை, எந்தச் சொல் முதலில் வந்தது. "ராஸாதி" என்றான். இடையில் எங்கும் தடுமாறவில்லை. கடைசியில் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பற்களை நான்தான் வெட்டினேன். அதற்கு வலித்திருக்கும்போல" என்றான்.

"போல இல்லை" என்றார் அக்கா. "அந்தச் சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு தடவை சொல்."

அவன் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தான். "அதற்கு வலித்தது" என்றான்.

அக்கா தலையாட்டினார். அவனுடைய தட்டில் இன்னும் கொஞ்சம் கறி விட்டார். சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்து பாத்திரங்களைக் கழுவி அடுக்கினார். கீழே வந்து காரில் ஏறிப் பட்டியை மாட்டியபின் நான் கேட்டேன்: "முழுக்கச் சொல்லிட்டான். இனிப் போதும்தானே அக்கா?"

அக்கா அந்தக் குடியிருப்பின் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"பாடமாக்கிப்போட்டான் பிள்ளை. இன்னும் நோகேல்லை" என்றார். "வாற வருசமும் லீவு எடுத்து வை."